மாதம் பத்தாயிரத்தைத் தாண்டினால் பணக்காரரா?

ஏழைக் குடும்பங்களுக்கு இலவச சிகிச்சை தரும் தமிழக முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமான வரம்பு உண்டு. அதை உயர்த்தினால் அரசால் தாங்க முடியாது என்கிறார் அதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். வரம்பு என்ன என்பதையாவது அவர் சொல்லியிருக்கலாம். 2012-இல் ஆண்டுக்கு 72,000 ரூபாய். பிறகு 1,20,000 ஆக்கினார்கள். அதுவும் தனி ஆளுக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். மாதம் பத்தாயிரம்! கணவன் ஜவுளிக்கடையில், மனைவி இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார் என்றால் வரம்பைத் தாண்டியாயிற்று.

மாதச் சம்பளம் 21,000 வரை வாங்கும் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. எங்கள் தெரு மளிகைக்கடையில் நான்கு பேர். மூட்டை தூக்கும் அண்ணனுக்குச் சம்பளம் பதினான்காயிரம். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நெஞ்சுவலி வந்தபோது தனியார் மருத்துவமனையில் முதலில் கேட்டது காப்பீட்டு அட்டையை. அடுத்து மனைவியின் தாலிச் சங்கிலிதான் அடகுக்கடைக்குப் போனது.

இன்னொன்று: சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுதுவதே வருமானம். வங்கிக் கணக்கு வழியாகச் சம்பளம் வாங்குகிறவர் குறைத்துச் சொல்லவும் வழியில்லை. (சொந்தமாக இரண்டு வீடு வைத்திருப்பவரிடம் இந்த அட்டையைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது.)

இப்படி எந்தக் காப்பீட்டிலும் சேர முடியாதவர்கள் கையில் காசில்லாமல் வலியைப் பொறுத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். அந்தச் செலவும் அரசின் தலையில்தானே விழுகிறது? கட்டுரையாளர் அதைக் கூட்டினாரா?