லைன் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்
இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் பட்டியல், குறிப்பு, நாள்காட்டி ஆகியவற்றைப் பகிர்ந்து வைக்கும் கூகுள் செயலிகளால் பயனில்லை என்று இங்கே வந்த கட்டுரையில் சொல்வதை ஏற்க முடியவில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில், செம்பனைக் காட்டுக்குள் போனால் லைன் சுத்தமாகக் கிடைக்காது. ஆனாலும் கைப்பேசியில் கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலி திறக்கும், எழுதலாம், டிக் அடிக்கலாம். லைன் வந்ததும், பட்டியலைப் பகிர்ந்திருக்கும் மற்றவருக்கும் தானாகவே போய்விடும். வீட்டுச் சாமான் பட்டியலை மனைவியும் நானும் அதில்தான் வைத்திருக்கிறோம்: நெத்திலி, தேங்காய்ப்பால், அம்மாவின் சர்க்கரை மாத்திரை என்று மனைவி சேர்ப்பார், நான் வேலை முடிந்து பட்டணத்தில் வாங்கி வருவேன். கணினியில்தான் கவனம் வேண்டும். குரோம் உலாவியில், ஆவணம் எழுதும் கூகுள் டாக்ஸுக்கு ஆஃப்லைன் வசதியை (லைன் இல்லாமலும் வேலை செய்யும் வசதி) முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். கூகுள் காலண்டரோ கணினியில் லைன் இல்லாதபோது பார்க்க மட்டும்தான் விடும். மேலே கருத்து எழுதிய ஒருவர், பட்டியலுக்கு நோட்டுப்புத்தகமே போதும் என்கிறார். சரி, அது வீட்டு மேசையில் கிடந்தால் கடையில் நிற்பவர் என்ன செய்வார்?