குடிநோயிலிருந்து மீள்வோர் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போக முன்பணம் கட்டணும், 30 நாள் குடிக்காமல் இருந்திருக்கணும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு அது; 1935-ல் தொடங்கியது. ‘மரபுகள்’ என்று அழைக்கப்படும் அதன் வழிகாட்டும் கொள்கைகளில் மூன்றாவது கேட்பது ஒன்றுதான்: குடியை நிறுத்தும் விருப்பம். நேற்று குடித்தவரும் வரலாம். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும்; மனமிருந்தால் போடலாம், இல்லையென்றால் அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம்.

‘திறந்த’ கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். ‘மூடிய’ கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். முதல் கூட்டம் ஒட்டவில்லையா? சரி, வேறொன்றுக்குப் போய்ப் பாருங்கள்.

அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மரபுகளைப் படிக்கலாம், கூட்டங்களையும் தேடலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். போகலாமா என்று தயங்கி நிற்பவர் அதைப் படித்துத் திரும்பிவிடக்கூடும்.