லீ ஷான்லான் பெயரைச் சொல்ல என்ன கஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "சீனர்களுக்கு அறிவியலைக் கொடுத்தவர்கள் மிஷனரிகள்" என்று அதில் வந்த பேச்சாளர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். ஒரு சீனர் பெயர்கூட வரவில்லை. ஒன்றுகூட.

ஷாங்காயில் 1843இல் ஆங்கிலேய மிஷனரி மெட்ஹர்ஸ்ட் தொடங்கிய லண்டன் மிஷன் அச்சகம் பேச்சில் வந்தது. அங்கே அச்சு இயந்திரத்தைச் சுழற்றிய மாடு வந்தது. மாட்டுக்குக் கிடைத்த இடம், அங்கே நூல்களை மொழிபெயர்த்த சீனக் கணித அறிஞர் லீ ஷான்லானுக்குக் கிடைக்கவில்லை.

1852இல் லீ அங்கே வெறுங்கையோடு போகவில்லை. மேற்கத்திய நுண்கணிதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பரப்பளவு காணத் தனக்கென ஒரு முறை வகுத்தவர். 1607இல் மிஷனரி ரிச்சியும் சீன அறிஞர் ஷூ குவாங்ச்சியும் ஆறு பாகத்தோடு விட்ட யூக்ளிடின் வடிவியல் நூல் மொழிபெயர்ப்பை, அச்சகத்து மிஷனரி அலெக்சாண்டர் வைலியும் லீயும்தான் முடித்தார்கள். வைலி வாயால் சொல்லச் சொல்ல, லீ சீனத்தில் எழுதினார், சரிபார்த்தார். இனி ஐரோப்பியருக்கு அந்த நூலின் நல்ல படி வேண்டுமென்றால் சீனாவில்தான் தேட வேண்டும் என்று வைலியே சொன்னதாக லீயின் முன்னுரையில் இருக்கிறது. அந்த மிஷனரிக்கு இருந்த பெருந்தன்மை இந்தப் பேச்சாளருக்கு ஏன் இல்லை?

1858இல் லீயும் மிஷனரிகளும் சேர்ந்து மொழிபெயர்த்து வந்த தாவரவியல் நூலில் உயிரணுவுக்கு (செல்) 'ஷீபாவ்' என்று பெயர் வைத்ததும் லீதான். சின்னப் பை என்று அர்த்தம். இன்றைக்கும் சீனப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படிக்கிறார்கள். பெயரே இல்லாத ஒன்றுக்குத் தன் மொழியில் பெயர் வைப்பது 'உதவி' இல்லை ஐயா. அது பாதி நூல்.

"அச்சகமே இல்லாவிட்டால்?" என்று கேட்பீர்கள். இருந்தது, நல்லது, யார் மறுத்தார்கள்? "மத வெறுப்பு" என்று ஏற்கனவே ஒருவர் எழுதிவிட்டார். ஜெபம் முடியாமல் இரவுச் சாப்பாடு போடாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஞாயிறு பள்ளியில் ஏழு வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், வலிக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஒரு மருத்துவ நூலை எட்டு மாதம் உட்கார்ந்து தமிழாக்கினேன். ஒரு சொல்லுக்காக மூன்று நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். புத்தகம் கைக்கு வந்தது. முதல் பக்கத்தைப் புரட்டினேன், அடுத்த பக்கம், கடைசிப் பக்கம். என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "மொழிபெயர்ப்புதானே அம்மா" என்றார்கள். அந்தத் 'தானே'யை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் 'தானே'தான் திரும்ப என் காதில் விழுந்தது.

காணொளி இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே ஒரு வரி சேர்க்கலாம். லீ ஷான்லான். எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்றால் இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.