காந்தத்தை எடுத்தால் ஏன்ப்பா கோபம் வருது?

எனக்குத் தொழில் வெள்ளி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. எங்கள் தெருவில் அண்ணன் தம்பிக்குள்ளே வெள்ளி கைமாறினாலும் டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று, பார்க்காமல் வாங்க மாட்டோம். ஒரு துணுக்கை வெட்டி டச் கடையில் கொடுத்தால் எத்தனை டச் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். "என்ன, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று இதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் சரக்கு சரியில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட தெருவில் இருந்து கிளம்பிப் போய் எட்டு மாதமாக ஒரு பழைய கான்டெஸா கார் தேடுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. கார் கிடைக்காததால் இல்லை. பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். ஆறு லட்சம் கேட்கிறவன், குனிந்து அடியில் பார்த்தால் முறைக்கிறான். இரண்டாயிரம் ரூபாய்க் கொலுசுக்கே நான் டச் சீட்டு காட்டுகிறேன் ஐயா!

இந்த 'மசில் கார்' என்ற வார்த்தையை யார் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். "இந்தியாவோட மசில் கார் அண்ணா" என்று சொல்லி விலையில் இரண்டு லட்சம் கூட்டுகிறார்கள். மசில் கார் என்றால் பெரிய இன்ஜினும் முரட்டு வேகமும். அமெரிக்காவில் அந்தப் பெயரை வாங்கிய வண்டிகளில் ஒன்று 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ. அதில் 6.4 லிட்டர் வி8 இன்ஜின், 325 குதிரைத்திறன். நம் கான்டெஸா 1984இல் வந்தபோது அதற்குள் இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின். சுமார் 50 குதிரை. இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி ஓட்டி முடித்த அச்சுகளை வாங்கி வந்து, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த வண்டி. பானட் அத்தனை நீளம், உள்ளே இன்ஜின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். மிச்ச இடத்தில் ஒரு பந்தி போடலாம். பின்னால் 1.8 லிட்டர் இசுசூ இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் வண்டி வண்டியாக ஓடியது.

இதையெல்லாம் மட்டம் தட்டச் சொல்லவில்லை. எனக்கு அந்த வண்டி பைத்தியம். சின்ன வயதில் சினிமாவில் வில்லன் வந்து இறங்குகிற வண்டி அது. எங்கள் ஊரில் அந்தக் காலத்துப் பெரிய வியாபாரிகள் ஒன்றிரண்டு பேர் வைத்திருந்தார்கள். வெள்ளை நிற கான்டெஸா ஐந்து ரோட்டில் திரும்பினால் டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் கண்ணாடி டம்ளரோடு திரும்புவார்கள். ஆசை எனக்கும் இருக்கிறது. அந்த ஆசையைத்தான் இவர்கள் விலை போட்டு விற்கிறார்கள். இரும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் இல்லை.

முதல் வண்டி கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு குடோனில். "காலையில ஏழு மணிக்கு வரேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே போனில் கெஞ்சிச் சொன்னேன். பழைய கார்புரேட்டர் வண்டியின் குணம் ஆறிய இன்ஜினில்தான் தெரியும். இழுத்து இழுத்துப் பிடிக்கிறதா, முதல் புகை நீலமாக வருகிறதா, மேலே டப்பெட் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாம் அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான். போய் இறங்கியதும் பானட் மேல் கை வைத்தேன். தோசைக்கல். "உங்களுக்காகத்தான் அண்ணா, சூடு பண்ணி ரெடியா வச்சிருக்கேன்" என்று பல்லைக் காட்டுகிறார். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன், ரயில் மாதிரி புகை குபுகுபுவென்று மேலே வருகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று என்னோடு வந்த மெக்கானிக் பாய் கண்ணாலேயே சொல்லிவிட்டார். உரிமையாளர் சொன்னது: "அது ஆவி அண்ணா."

ஆவி!

இதில் புரோக்கர்கள் வேறு. இவர்களிடம் மொத்தம் மூன்றே கதைதான். டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், எஸ்டேட் வண்டி. சேலத்தில் இதுவரை எனக்குக் காட்டிய டாக்டர் வண்டிகளைக் கூட்டிப் பார்த்தால் இந்த ஊரில் டாக்டர்கள் வைத்தியமே பார்க்காமல் கார்தான் ஓட்டியிருக்க வேண்டும். அப்புறம் 'சேசிஸ் சூப்பர்'. கான்டெஸாவுக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடுகிற அந்தப் பெட்டிப் பகுதியும் தரைத் தகடும் அரித்துவிட்டால் வண்டியே முறிந்த மாதிரி. இல்லாத சேசிஸை எப்படி இவர் சூப்பர் என்று பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எஸ்டேட் வண்டிக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்குத் தூக்கம் போனது.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் 1992ஆம் வருஷ வண்டி நிற்கிறது, இசுசூ இன்ஜின், "வெயிலே படாத வண்டி" என்றார் புரோக்கர். வெயில் படாதது உண்மைதான். பனியும் மழையும் பட்டிருக்கிறதே! மலையில் மூடின ஷெட்டுக்குள்ளே மாதக்கணக்கில் ஈரம் குடித்து நிற்பதைவிட, கீழே செவ்வாய்ப்பேட்டை வெயிலில் நின்றால் பெயின்ட் மட்டும்தான் போகும். இது தெரியாமல் நானும் சந்தோஷமாக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது, அது வேறு விஷயம். மரூன் கலர், புது பெயின்ட், மேலே சில்வர் ஓக் இலை இரண்டு விழுந்து கிடக்கிறது. மாப்பிள்ளை மாதிரி நின்றது.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். பட்டறையில் அரத்தூளோடு கலந்துவிடுகிற இரும்புப் பொடியைப் பிரித்தெடுக்க வைத்திருப்பது. அதை மெல்லிய துணியில் சுற்றி கதவின் கீழ் விளிம்பில் வைத்தேன். தகடு இருந்தால் டக்கென்று பிடிக்கும். பிடிக்கவில்லை. நாலு விரல் தள்ளி வைத்தேன், வழுக்கி மண்ணில் விழுந்தது. பின் சக்கரத்து வளைவிலும் அப்படியே. கதவில் முழங்கைக்கு மேலேதான் இரும்பே ஆரம்பிக்கிறது. கீழே முழுக்கப் பட்டி, பெயின்டுக்கு முன்னால் ஓட்டையை அடைக்கப் பூசுகிற பசை. அந்த மரூன் பளபளப்பு பட்டி மேல் அடித்த பளபளப்பு.

"காந்தமெல்லாம் வச்சுப் பாக்கறது நல்லால்லைங்க" என்றார் மேனேஜர். முகம் மாறிவிட்டது.

அதோடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் புதிதாக இருந்தது. முப்பது வருஷ வண்டியில் எல்லாம் பழசு, அங்கே மட்டும் புது கார்ப்பெட். தூக்கினேன். கீழே ஒரு பிளைவுட் பலகை. வீட்டு அலமாரிக்கு அடிப்பார்களே, அதே பலகை, நாலு மூலையிலும் மர ஸ்குரூ. ஒரு ஸ்குரூ கையிலேயே வந்துவிட்டது. பலகையை நெம்பினால் ஷெட்டின் மண் தரை தெரிகிறது. ஒரு எறும்பு வரிசை அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காருக்குள்ளே உட்கார்ந்து எறும்பு ஊர்வதைப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிரேக்கை அழுத்துகிற காலை அந்தப் பலகை மேல் ஊன்றித்தான் நான் இருபது வளைவு இறங்க வேண்டும்!

"தண்ணி உள்ள வராம இருக்கறதுக்குங்க" என்கிறார் மேனேஜர்.

விலை ஐந்தே முக்கால். இரும்பாலை இருக்கிற ஊர்க்காரனுக்கே பிளைவுட் விற்கிறார்கள்.

இன்னொருத்தர் டிரயல் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள்ளே ஜங்ஷன் வரைக்கும் போய்வரலாம் என்றார். அடிவாரம் தாண்டி நாலு வளைவு ஏறிப் பார்க்கிறேன் என்றதும் ஆயிரம் சாக்கு. சமதரையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். ரேடியேட்டர் அடைத்திருந்தால் ஏற்றத்தில்தான் சூடு காட்டுகிற முள் ஏறும். கியர்பாக்ஸ் தேய்ந்திருந்தால் இறக்கத்தில்தான், செகண்டில் காலை எடுத்ததும், குச்சி தானாக நியூட்ரலுக்கு எகிறும். பிடிவாதமாகக் கூட்டிப் போனேன். ஏறும்போது ஒழுங்காக வந்தது. இறங்கும்போது மூன்றாவது வளைவுக்கு முன்னாடி டங்கென்று எகிறியது பாருங்கள், எனக்கு உயிரே எகிறியது. பக்கத்தில் இருந்தவர் கூலாக, "அதை ஒரு கையால பிடிச்சுக்கணும் அண்ணா" என்கிறார். ஒரு கையால் கியரைப் பிடித்து, ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து, பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் அவர் கழுத்தை விட்டுவிட்டேன்.

ஆர்சி புக்குக்கு வந்தால் இன்னும் கொடுமை. பாதிப் பேர் 'விண்டேஜ்' என்கிறார்கள். சட்டப்படி விண்டேஜ் என்றால் ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், 2021இல் விதி போட்டார்கள். கான்டெஸாவின் முதல் வண்டிக்கே இன்னும் அந்த வயது ஆகவில்லை. அதனால் எல்லாப் பழைய காரையும் போல, பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025இல் 10,000. எல்லா கான்டெஸாவும் இதில் வந்துவிடும், ஏனென்றால் 2002லேயே உற்பத்தி முடிந்துவிட்டது. "எஃப்சி இருக்கா?" என்று, வண்டி ஓடத் தகுதி என்கிற சான்றைக் கேட்டால், "அதெல்லாம் பண்ணிக்கலாம்ணா" என்கிறார்கள். பண்ணிக்கலாம் என்றால் நீங்கள் ஏன் பண்ணவில்லை? ஒரு வண்டியில் ஆர்சியில் பெட்ரோல் என்று இருக்கிறது, உள்ளே ஏதோ ஒரு வேனின் டீசல் இன்ஜின் தடதடக்கிறது. இன்ஜின் நம்பர் வேறு, எரிபொருள் வேறு. "மைலேஜ் கிடைக்கும்ணா." அந்த வண்டியை எந்த இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டு போய் நிறுத்துவேன்?

இதற்கு நடுவில் என் மச்சான் ஒரு பக்கம். "எதையாவது எடுங்க மாமா, பார்ட்ஸ் கிடைக்கும்." எது கிடைக்கும் எது கிடைக்காது என்று தெரிந்து பேச வேண்டும். 1.8 இன்ஜின் பின்னால் அம்பாசடரிலும் வந்தது, அதனால் கேஸ்கெட், பம்ப், கிளட்ச் என்று தேடினால் சிக்கும். ஆனால் முன் கண்ணாடி உடைந்தால்? பின் விளக்கு போனால்? உத்தர்பாரா தொழிற்சாலையே 2014இல் மூடிவிட்டது. மெக்கானிக் பாய் சொல்கிற கணக்கு எனக்குச் சரியாகப் படுகிறது: இன்ஜின் போன வண்டியைக்கூட வாங்கலாம், பாடி போன வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. விற்கிறவர்கள் செய்வது நேர் தலைகீழ். இன்ஜினைத் துடைத்து மினுக்கி வைப்பார்கள், பாடிக்குப் பட்டி பூசுவார்கள். பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் வருகிறது, பழைய ரப்பரை அது தின்னும், ஹோஸ் மாற்றினீர்களா என்று கேட்டால் ஏதோ வேற்று மொழியில் பேசியது போலப் பார்க்கிறார்கள். அலாய் வீலும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டிவிட்டு ஐம்பதாயிரம் செலவு பண்ணினேன் என்று பில் காட்டுகிறார்கள்.

நல்ல வண்டியே பார்க்கவில்லையா என்றால், ஒன்று பார்த்தேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. வெள்ளை. பெயின்ட் மங்கல், அங்கங்கே கீறல். காந்தத்தை எங்கே வைத்தாலும் டக், டக், டக். கார்ப்பெட்டைத் தூக்கினால் கம்பெனி அடித்த தகடு. அந்த வீட்டு அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், "நல்லா பாருப்பா, அடியில பாய் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பாயைப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு கொஞ்சம். அரிப்பு எங்கேயும் இல்லை. சைலன்சர் மட்டும் ஓட்டை.

ஆர்சி அவர் கணவர் பெயரில். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் சென்னை, ஒருவர் பெங்களூர், ஒருவர் வெளிநாடு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து, முதலில் அம்மா பெயருக்கு மாற்றினால்தான் எனக்கு விற்க முடியும். மூத்தவரிடம் போனில் பேசினேன். தம்பிகள் கையெழுத்துப் போட்டால் செய்யலாம் என்றார். அதற்கு முன்னால், "ஆன்லைன்ல எட்டு லட்சம் போகுதாமே, மசில் காராமே?" என்றும் கேட்டார்.

நாலு மாதம் ஆயிற்று. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போனேன். போர்ட்டிகோவில் இருந்து வண்டியை வெளியே தள்ளி வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். முன் டயர் இரண்டிலும் காற்று இல்லை. பானட் மேல் யாரோ வடகம் காயப் போட்டிருந்தார்கள்.