ரொட்டியை நிறுத்திப் பார்த்தேன், மாட்டிக்கொண்டது வேறு ஒன்று

எனக்கு நாலைந்து வருடமாக வயிற்றுப் பொருமல். காலையில் ரெண்டு கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றால் பதினொரு மணிக்கெல்லாம் வயிறு நெருப்பில் காய்ச்சின தப்பு மேளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். யூடியூப்பில் தேடினால் ஒரே பாட்டு: மாச்சத்தை அடியோடு நிறுத்து, குடல் சரியாகிவிடும். ரொட்டி இல்லை, சோறு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. நுவரெலியா பக்கம் இருந்துகொண்டு உருளைக்கிழங்கு தின்னாதே என்றால் எங்கே போவது?

இந்தக் கதை பழையது. நியூயோர்க்கில் சிட்னி ஹாஸ் என்ற டொக்டர் 1920களில் சீலியக் என்ற குடல் நோய் வந்த பிள்ளைகளுக்கு மாச்சத்தை நிறுத்தி வாழைப்பழம் கொடுத்தார், பிள்ளைகள் தேறினார்கள், அவரும் மாச்சத்துதான் குற்றவாளி என்று நம்பினார். உண்மையில் குற்றவாளி கோதுமையில் இருக்கிற புரதம் என்று பிறகு கண்டுபிடித்தவர் நெதர்லாந்து டொக்டர் டிக்கே. ஒன்று செய்த குற்றத்துக்குச் சோறும் கிழங்கும் சேர்ந்து தண்டனை அனுபவித்தன.

எனக்குப் புத்தியில் பட்டது மெல்பேர்ன் மொனாஷ் பல்கலைக்கழகக்காரர்களின் 'ஃபொட்மப்' முறைதான், அதாவது எல்லா மாச்சத்தையும் விடாமல், குடலில் புளித்து வாயு கிளப்பும் சில வகைகளை மட்டும் நிறுத்திப் பார்ப்பது. கோதுமை, வெங்காயம், வெள்ளைப்பூண்டில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாச்சத்து வகையை உடைக்க மனிதக் குடலில் நொதியமே கிடையாது, அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்க, அங்கே பக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு கிளப்புகிறது. பருப்பிலும் அதே மாதிரி ஒரு சரக்கு உண்டு. சோற்றுக்கும் கிழங்குக்கும் தடையே இல்லை. 2 முதல் 6 வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், பலர் இந்த ரெண்டாவது பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள். காலம் முழுக்க நிறுத்தினால் குடலுக்கு நல்லது செய்கிற பக்டீரியாவும் பட்டினிதான்.

முதலில் சீலியக் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்தேன். கோதுமையை நிறுத்திய பிறகு செய்தால் சீலியக் இருந்தாலும் தெரியாமல் போகலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவு என்றால் இந்த நிறுத்திப் பார்க்கிற பரீட்சையெல்லாம் வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள்.

அப்புறம் நாலு வாரம் சோறு, கிழங்கு, கரட். லீக்ஸில் வெள்ளைப் பகுதியை விட்டுப் பச்சை இலை மட்டும். பூண்டு வாசம் இல்லாமல் என்னால் முடியாது, அதனால் எண்ணெயில் வதக்கிப் பூண்டை எடுத்து வீசினேன், ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. வயிறு அடங்கியது.

ஐந்தாம் வாரம் ஒரு ரொட்டி, தேங்காய்ச் சம்பலில் வெங்காயம் போடாமல். ஒன்றும் ஆகவில்லை! மூன்று நாள் விட்டு ரொட்டியே இல்லாமல் சோற்றோடு கட்டச் சம்பல், பச்சை வெங்காயம் இடித்துப் போட்டது. பின்னேரம் தப்பு முழங்கியது. ரொட்டியும் ரெண்டு மூன்று என்று போனால் லேசாக உப்புகிறது, ஆனால் பெரிய கள்ளன் வெங்காயம்தான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அம்மாவை ஒரு கிளினிக்கில் "ரொட்டி தின்னாதீங்க" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினார்கள். விடியத் தோட்டத்தில் பேர் பதியப் பிரட்டுக்கு ஓடுகிற மனுசி, மலையில் நின்றுகொண்டே தின்ன ரொட்டியை விட்டால் வேறு எதைக் கட்டிக்கொண்டு போவது? அதை யாரும் சொல்லவில்லை.

வெங்காய விசயத்தைச் சொன்னதும் அம்மா அம்மிக்குழவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அப்ப இத்தன வருசமா ஒன் வயித்த ஊத வச்சது நானா புள்ள?"