மக்காச்சோள விதையை ஒரு வீடு மட்டும் காப்பாற்ற முடியாது

குவாத்தமாலா மலைநாட்டு மாயா மக்கள் மக்காச்சோளத்தோடு பல பயிர்களைக் கலந்து வளர்க்கும் மில்பாவை "விளைச்சல் இல்லாத பழைய முறை" என்று சொல்கிறவர்கள் மக்காச்சோள மூட்டையை மட்டும் எண்ணுகிறார்கள். அதே தட்டையில் ஏறும் பீன்ஸ், தரையில் படரும் பூசணி, ஊடே தானாக முளைக்கும் தண்டுக்கீரை, நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய சொந்தமான மக்குய் கீரை எதுவும் அந்தக் கணக்கில் வராது. களைக்கொல்லி அடித்தால் கூலி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அடித்த வருஷமே தட்டிலிருந்து கீரை போய்விடும், பீன்ஸும் போகும். சோளம் மட்டும் மிஞ்சும்.

குழிக்கு நாலைந்து விதை, குழிக்குக் குழி ஏறக்குறைய ஒரு மீட்டர். வீணாகக் கிடப்பதாகத் தெரியும் அந்த இடைவெளியில்தான் பூசணிக்கும் கீரைக்கும் வெயில் கிடைக்கிறது. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் மண் அணைக்க வேண்டும். தவறினால் மூன்று மீட்டர் வளரும் தட்டை காற்றுக்குச் சாய்ந்துவிடும். பிலோய் மாதிரி வீரியமான கொடி பீன்ஸை எல்லாக் குழியிலும் போட்டாலும் இதே கதிதான், பாரம் தாங்காமல் சோளம் படுத்துவிடும். அதனால் அதைச் சில குழிகளில் மட்டும் போடுவார்கள்.

அடுப்படியிலும் இதே நுணுக்கம் உண்டு. ஒரு கிலோ மணிக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு போட்டு, விரலால் தேய்த்தால் தோல் கழலும் பதம் வரை வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பு கூடினால் மாவு மஞ்சளித்துக் கசக்கும், குறைந்தால் தோல் போகாது, மாவு திரளாது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை இந்தச் சுண்ணாம்புதான் விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பாவின் ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது விதையைப் பற்றி. மக்காச்சோளம் நெல்லைப் போலத் தன் பூவிலேயே கருத்தரிக்கும் பயிர் இல்லை. அயல் மகரந்தம் வேண்டும். அழகாக இருக்கிறதென்று அஞ்சாறு கதிரில் மட்டும் விதை எடுத்தால், சில தலைமுறையிலேயே செடி குட்டையாகும், கதிர் சிறுக்கும், மணி விட்டுவிட்டுப் பிடிக்கும். நூறு கதிராவது வேண்டும். அதுவும் பக்கத்து வயல் மகரந்தம் விழும் ஓரத்தில் எடுக்காமல், நடு வயலில் எடுக்க வேண்டும். கதிரின் அடியும் நுனியும் சாப்பாட்டுக்கு, நடுமணி விதைக்கு. கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் வீட்டில் நூறு நல்ல கதிரை எங்கே தேடுவது? அதனால்தான் அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் விதையை மாற்றிக்கொள்கிறார்கள். இதைச் சடங்கு, பண்பாடு என்று மட்டும் பார்ப்பது தவறு. அந்தப் பயிரின் உயிரியலே இதைக் கேட்கிறது.

2014 ஜூனில் குவாத்தமாலா நாடாளுமன்றம் நிறைவேற்றிய, புதிய பயிர் ரகங்களை உருவாக்கியவர்களுக்கு உரிமை தரும் 19-2014 சட்டம் கைவைத்தது இந்த இடத்தில்தான். பதிவு பெற்ற ரகத்தை அனுமதியின்றிப் பெருக்கினால் சிறைவரை போகலாம். பதிவு ரகத்துக்கு மட்டும்தானே என்றார்கள் சட்டத்தை ஆதரித்தவர்கள். காற்றில் வரும் மகரந்தம் பதிவுச் சான்றிதழ் பார்த்தா விழும்? மலைநாட்டுச் சொலோலா பகுதியின் மாயா மக்கள் சாலையை மறித்தார்கள், அரசமைப்பு நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, செப்டம்பரில் நாடாளுமன்றமே சட்டத்தை ரத்து செய்தது.

"அப்புறம் ஏன் அங்கே பாதிக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள்?" என்ற கேள்வி நியாயமானது. 2014-15 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 46.5 சதவீதம். பழங்குடிக் குழந்தைகளில் இன்னும் அதிகம். இந்தப் பழியை மில்பா மேல் போடக் கூடாது. சமவெளியின் நல்ல நிலமெல்லாம் கரும்புக்கும் எண்ணெய்ப் பனைக்கும் போய், சரிவில் துண்டு நிலத்தோடு நிற்கும் குடும்பத்துக்கு அறுவடை பாதி வருஷத்துக்குக்கூடக் காணாது. அங்கே உர மூட்டையும் சத்துமாவுப் பொட்டலமும் கொடுத்துவிட்டு உணவு இறையாண்மை, அதாவது தங்கள் உணவைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை, என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் நிலம் வேண்டும். அதோடு, உழவர்கள் தங்களுக்குள் விதை மாற்றிக்கொள்வது குற்றமாகாது என்று சட்டத்தில் ஒரு வரி வெளிப்படையாக இருக்க வேண்டும்.