தளபதியிடம் "வேண்டாம்" என்று யார் சொல்வது?

ராணுவத் தலைமை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கண்முன் வருபவர், குரலை உயர்த்தி ஆணையிட்டுவிட்டு முன்னால் பாய்ந்து செல்லும் ஓர் அதிகாரிதான். நிறுவனங்களின் மேலாளர் பயிலரங்குகளில்கூட ராணுவத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தச் சித்திரத்தைத்தான் விற்கிறார்கள். போர் வரலாற்றைப் பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற அளவில் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆணையிடுவது தளபதியின் வேலையில் எளிதான பாதி. அந்த ஆணை தவறாக இருக்கும்போது, அது வாயைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே "ஐயா, இது வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தன் அருகில் வைத்திருப்பதும், அவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வதும்தான் மிகக் கடினமான பாதி. பதவி உயர உயர இப்படிச் சொல்கிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. சொல்லப்பட வேண்டியவற்றின் எடையோ கூடிக்கொண்டே போகிறது.

1893 ஜூன் 22 அன்று, இன்றைய லெபனானின் திரிப்போலிக்கு அருகே, பிரிட்டனின் மத்தியதரைக்கடல் கடற்படை இரண்டு வரிசைகளாகச் சென்றுகொண்டிருந்தது. ஒரு வரிசையின் தலைமைக் கப்பல் விக்டோரியா; அதில் படையின் தலைவர் வைஸ் அட்மிரல் ஜார்ஜ் டிரையான் இருந்தார். மற்றொரு வரிசையை கேம்பர்டவுன் கப்பலில் இருந்தபடி ரியர் அட்மிரல் மார்க்கம் நடத்தினார். இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகத் திரும்பி, வந்த திசையிலேயே மீண்டும் செல்ல வேண்டும் என்பது டிரையானின் திட்டம். வரிசைகளுக்கு இடையே அவர் வைக்கச் சொன்ன தூரம் ஆறு கேபிள், அதாவது ஏறத்தாழ 1,100 மீட்டர். அந்தக் கப்பல்கள் வழக்கமான முறையில் திரும்புவதற்கு ஒவ்வொன்றுக்கும் 700 மீட்டருக்கு மேல் தேவை. கூட்டல் தெரிந்த எவருக்கும் விடை தெரியும்.

விடை அங்கிருந்தவர்களுக்கும் தெரிந்தே இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை. டிரையானின் அதிகாரி ஒருவர் குறைந்தது எட்டு கேபிளாவது வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார், டிரையானும் ஒப்புக்கொண்டார். சற்று நேரத்தில் அவரிடமிருந்து வந்த தாளிலோ ஆறு என்றே எழுதியிருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள அவருடைய உதவி அதிகாரி மீண்டும் அவரிடம் போனார். ஆறாகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. எதிர் வரிசையில் இருந்த மார்க்கம் கொடிச் சமிக்ஞையைப் பார்த்துத் திகைத்து, புரியவில்லை என்பதன் அடையாளமாகத் தன் பதில் கொடியைப் பாதி உயரத்திலேயே நிறுத்திவைத்தார். விளக்கம் கேட்கவும் முனைந்தார். அதற்குள், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒட்டுமொத்தக் கடற்படையும் பார்க்கும்படி டிரையானிடமிருந்து கேள்வி வந்துவிட்டது. மார்க்கம் கொடியை முழு உயரத்துக்கு ஏற்றினார். கப்பல்கள் திரும்பின. கேம்பர்டவுனின் முகப்பு விக்டோரியாவின் பக்கவாட்டைக் கிழித்தது. 15 நிமிடங்களுக்குள் விக்டோரியா மூழ்கியது. டிரையான் உட்பட 358 பேர் இறந்தார்கள். அன்று வானம் தெளிவாக இருந்தது, கடல் அமைதியாக இருந்தது, எதிரி என்று எவரும் இல்லை.

டிரையான் திறமையற்றவராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் தம் காலத்தின் மிகச் சிறந்த கடற்படை மூளைகளில் ஒருவர் என்று பெயர் பெற்றவர். தம் எண்ணத்தை முன்கூட்டியே விளக்காமல், புதிர் போன்ற பயிற்சிகளைக் கொடுத்து, கீழே இருப்பவர்கள் தாமாகவே புரிந்துகொண்டு இயங்கட்டும் என்று விட்டுவிடுவது அவர் வழக்கம். கேலி என்னவென்றால், ஒவ்வொரு அசைவுக்கும் கொடிச் சமிக்ஞையை எதிர்பார்க்காமல் கப்பல் தலைவர்கள் சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்று அந்தக் கடற்படையில் போராடியவரும் அவர்தான். ஆனால் சிந்திக்கச் சொன்னவரின் ஆளுமையே சிந்தனையை நிறுத்திவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்னக் கணக்கில் தவறுவாரா, நமக்குப் புரியாத ஏதோ ஒன்று அவர் மனத்தில் இருக்கும் என்று மார்க்கம் தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். மந்தமான தலைவரின் ஆணையை எல்லோரும் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். மேதையின் ஆணையைச் சரிபார்ப்பதே அவமரியாதை என்றாகிவிடுகிறது.

பின்னர் மால்டாவில் கூடிய ராணுவ நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியமானது. மார்க்கம் தம் சந்தேகத்தைத் தெரிவிக்க முதலில் எண்ணியபடி செய்யாமல் போனது வருந்தத்தக்கது என்றது. ஆனால், நேரில் இருக்கும் தலைமைத் தளபதியின் ஆணையை நிறைவேற்றியதற்காக அவரைக் குற்றம் சொல்வது படையின் நலனுக்கே கேடாகும் என்றும் அதே மூச்சில் சொன்னது. இதை மழுப்பல் என்று சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அந்த நீதிபதிகள் ஓர் உண்மையான இக்கட்டில் இருந்தார்கள். குண்டு விழும் இடத்தில் ஒவ்வொரு ஆணையையும் கீழே இருப்பவர் ஆராய்ந்து ஏற்றுக்கொள்வது என்றால் படை என்று ஒன்று இருக்காது. அரை நிமிடத் தயக்கத்தில் பக்கத்துப் பிளாட்டூன் அழிந்துவிடும். கீழ்ப்படிதலைப் பழக்கமாக்குவதற்காகத்தான் அணிவகுப்பு மைதானத்தில் அத்தனை மணிநேரம் செலவிடப்படுகிறது. அப்படிப் பழக்கப்பட்ட ஒருவர், தேவையான அந்த ஒரே ஒரு நாளில் மட்டும் திடீரென்று மறுத்துப் பேசிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மறுத்துப் பேசுவதையும் தளபதிதான் பழக்க வேண்டும், அதுவும் அமைதிக் காலத்திலேயே.

நம் வரலாற்றில் இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டு 1962இன் சீனப் போர். வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட ஏழாவது பிரிகேடுக்கு எதிரே தாக்லா முகடு உயர்ந்து நின்றது; சீனர்கள் மேலே, நம்மவர்கள் பள்ளத்தில். குளிருக்குப் போதாத பருத்தி உடை, ஆளுக்கு ஐம்பது தோட்டா அளவில்தான் கையிருப்பு. விமானத்திலிருந்து போடப்பட்ட பொருள்களில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து வீணாயிற்று. சீனர்களை அங்கிருந்து விரட்ட வேண்டுமானால் முதலில் பண்டங்களும் பீரங்கிகளும் வந்து சேர வேண்டும் என்று 33ஆவது கோரின் (பல டிவிஷன்கள் அடங்கிய படைத்தொகுதி) தளபதி உம்ராவ் சிங் வலியுறுத்தினார். விளைவு, அந்தப் பகுதியின் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, புதிதாக அமைக்கப்பட்ட நான்காவது கோரிடம், அதாவது டெல்லிக்கு நெருக்கமான பி. எம். கவுலிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்டோபர் 10 அன்று நடந்த மோதலைக் கவுலே நேரில் பார்த்தார். எதிரியின் பலம் அவருக்கும் விளங்கியது. ஆனாலும் பிரிகேட் ஆற்றங்கரையிலேயே நின்றது. பிரிகேட்டின் தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி, பின்வாங்க மேலிடத்திடம் அனுமதி கேட்டபடியே இருந்தார். கவுல் நோயுற்று டெல்லி திரும்பி, வீட்டுப் படுக்கையிலிருந்தே கோரை நடத்தினார். அக்டோபர் 20 விடியலில் தாக்குதல் வந்தது. சில மணிநேரத்தில் பிரிகேட் சிதறிப்போனது. இரண்டு நாள் கழித்துத் தால்வி சிறைப்பட்டார்.

இதில் கவுல் என்ற ஒரு மனிதரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு வசதியாகப் போய்விட்டது. உண்மையைச் சொன்ன அதிகாரியிடமிருந்து பொறுப்பு பறிக்கப்பட்டதைப் பார்த்த மற்றவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவரை நீக்கினால் நூறு பேர் மௌனமாகிவிடுவார்கள். அதற்குப் பின் மேலே போகும் அறிக்கைகள் எல்லாம் மேலே இருப்பவர் கேட்க விரும்புவதையே சொல்லும். வரைபடத்தில் அம்புக்குறிகள் முன்னேறிக்கொண்டே இருக்கும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நிலைமை வேறாக இருந்தது. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே படையெடுக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தபோது, ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா இயலாது என்றார். மழைக்காலம் வந்தால் ஆறுகள் கடலாகிவிடும், இமயக் கணவாய்கள் திறந்திருக்கும்போது சீனா தலையிடக்கூடும், படைகளை நகர்த்தவே நாள் பிடிக்கும் என்று காரணங்களை அடுக்கினார். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் பின்னாளில் சொன்ன கதையில் நாடகச் சுவை சற்றுத் தூக்கல்தான். வரலாற்று ஆசிரியர்கள் சிலர் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் போர் டிசம்பரில்தான் வந்தது. பதிமூன்று நாளில் முடிந்தது. இந்தப் பெருமையில் பாதியை இந்திரா காந்திக்கும் கொடுக்க வேண்டும் என்பேன். மறுத்த தளபதியை மாற்றிவிட்டு, ஆமாம் சொல்லும் வேறொருவரை நியமிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

கேட்பது வேறு, பணிவது வேறு. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டி கரையில் நடந்த படையிறக்கத்துக்கு முன், ஜூன் 5ஆம் தேதி வானிலை ஒத்துவராது என்று வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னதும் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். ஆனால் வான்குடைப் படைகளை இறக்கினால் பேரழிவு நேரும் என்று விமானப்படைத் தளபதி லீ மலரி எச்சரித்தபோது, அதை எழுத்தில் தரச் சொல்லி வாங்கி, தனியே யோசித்துவிட்டு, இறக்குவது என்றே முடிவெடுத்தார். அஞ்சிய அளவுக்கு இழப்பு நேரவில்லை. நேர்ந்திருந்தால்? அதற்கும் அவர் ஆயத்தமாக இருந்தார். படையிறக்கம் தோற்றால் பழி முழுவதும் தன்னுடையது மட்டுமே என்ற குறிப்பை முன்கூட்டியே தன் கைப்பட எழுதிப் பையில் வைத்திருந்தார். எச்சரித்தவரைக் கோழை என்று முத்திரை குத்தவும் இல்லை, தோற்றால் அவர்மீது சாய்ந்துகொள்ள வழிதேடவும் இல்லை. இப்படிப்பட்டவரிடம்தான் அடுத்த முறையும் ஒருவர் வந்து பேசுவார்.

இப்போது வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. டிரோன் அனுப்பும் நேரலைக் காட்சியில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜெனரல் ஒரு பத்துப்பேர் குழு எந்தச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது என்பதுவரை பார்க்கிறார். பார்த்தால் கை சும்மா இருக்காது. வியட்நாமிலேயே இதன் முன்னோட்டம் நடந்தது: கீழே ஒரு கம்பெனி சண்டையிட, மேலே பட்டாலியன் தளபதி, பிரிகேட் தளபதி, டிவிஷன் தளபதி என ஹெலிகாப்டர்கள் அடுக்கடுக்காகச் சுற்ற, ஆளுக்கொரு யோசனை வானொலியில் இறங்கும். கூடுதலாகப் பார்ப்பதால் கூடுதலாகப் புரிந்துவிடாது என்பதற்கு கிரிமியப் போரில் நடந்த 1854 பாலக்லாவா சண்டையே சாட்சி. குன்றின்மேல் இருந்த பிரிட்டிஷ் படைத் தலைவர் ராக்லனுக்குத் தாம் குறிப்பிட்ட பீரங்கிகள் தெளிவாகத் தெரிந்தன. பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தளபதி லூக்கனுக்கு அவை தெரியவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று கேட்டதற்கு, ஆணையைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டிய திசையில் 670 பேர் அளவிலான குதிரைப்படை தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது. தனக்குத் தெரிவது கீழே இருப்பவருக்கும் தெரிகிறது என்று ராக்லன் எண்ணிக்கொண்டார். இன்றைய திரையின் முன் அமர்ந்திருப்பவரின் ஆபத்து இதன் மறுபக்கம்: கீழே இருப்பவருக்குத் தெரிவது எல்லாம் தனக்கும் தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது. களைப்பும் தாகமும், ஒரு குழுவில் யாருடைய மனம் உடைந்திருக்கிறது என்பதும் கேமராவில் பதிவதில்லை.

இவற்றை எல்லாம் அறிந்தவர் பெரும்பாலும் ஒரு சுபேதார். நம் ராணுவத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் பயிற்சி முடித்து வரும் லெப்டினன்டிடம் முப்பது பேரை ஒப்படைக்கிறார்கள். அவருக்குக் கீழே இருப்பவரோ இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். பதவியில் இளைஞர் மேல், அனுபவத்தில் முதியவர் மேல். "சாப், நீங்கள் சொல்லுங்கள்" என்று அந்த இளைஞர் முதல் மாதத்திலேயே கேட்கப் பழகிவிட்டால் நல்லது. அப்படிப் பழகாதவர்தான் முப்பது ஆண்டு கழித்து, தான் எழுதிய எண்ணை யாரும் திருத்தக்கூடாது என்று நினைக்கும் ஜெனரலாகிறார்.

நாம்கா சூவுக்குத் திரும்பினால், அந்தத் தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் அமர்த்தப்பட்டு 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். 2014இல் அதன் ஒரு பகுதியைப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இணையத்தில் வெளியிட்டார். அரசு அதிகாரபூர்வமாக அதை இன்னும் வெளியிடவில்லை. அதன் உள்ளடக்கத்துக்கு இன்றும் ராணுவ மதிப்பு உண்டு என்று 2010இல் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லப்பட்டது. அறுபது ஆண்டுக்கு முந்தைய சாலைகளும் துப்பாக்கிகளும் இன்று இல்லை. எஞ்சியிருக்கும் ராணுவ மதிப்பு, யார் எச்சரித்தார், யார் கேட்கவில்லை என்பது மட்டுமாகத்தான் இருக்க முடியும். பிரிகேடியராகப் போகிற ஒவ்வொரு கர்னலின் கையிலும் வைக்கப்பட வேண்டிய அறிக்கை அது.